ஒரு கதவும் ஐந்து பிட்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என் வீட்டு வாசல் கதவில், பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரத்துண்டு ஒட்டுப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது என் கைவேலை. அப்பா கட்டிய வீட்டை இடித்தபோது நான் கொண்டுவந்தது அந்தத் தேக்குக் கதவு ஒன்றைத்தான். மார்ட்டிஸ் பூட்டு வைக்க நானே இறங்கினேன். கதவின் கனம் 35 மி.மீ., பூட்டின் கனம் 16 மி.மீ. இரு பக்கமும் மிஞ்சுவது ஒன்பதரை மி.மீ. மரம்தான். 80 மி.மீ. ஆழம் போவதற்குள் 7 டிகிரி சாய்ந்தாலே போதும், பிட் வெளியே வந்துவிடும். வந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒட்டுப் போட வந்த தச்சரிடம் கற்றதைச் சொல்கிறேன்.

நான் போட்டது இரும்புக்கான சாதாரண முறுக்கு பிட். மரத்தில் அது ரேகை இளகிய பக்கம் வழுக்கும். நடுவில் கூர்முள் உள்ள மர பிட், குறித்த புள்ளியிலேயே உட்காரும். தட்டை பிட் வேகமானது, ஆனால் ஓரத்தைப் பிய்க்கும். துளை மறுபக்கம் வரவேண்டுமானால் பின்னால் ஒரு வீண் பலகையை வைத்து இறுக்குங்கள். ஆழத்துக்கு ஆகர் பிட். அதன் முனைத் திருகு உள்ளே இழுக்கும், முறுக்கு தூளை வெளியேற்றும். வேகத்தைக் குறைத்து இரு கையாலும் பிடியுங்கள். ஃபார்ஸ்ட்னர் பிட்டை அதன் விளிம்பே நடத்துவதால், ஒரு துளையின் மேல் இன்னொன்றைப் பாதி ஏற்றிப் போடலாம்.

மற்ற பிட்டுகளில் அப்படிச் செய்யாதீர்கள். நடுமுனைக்குப் பிடிக்க மரம் வேண்டும். முதலில் இரு முனைகளிலும் துளையிடுங்கள்; பிறகு இடையில், ஒன்றையொன்று தொடாமல். மிச்சத்தை உளியால் செதுக்கிச் சதுரமாக்குங்கள். ஆழத்துக்கு அடையாளமாக பிட்டில் ஒரு டேப் சுற்றுங்கள். கண்ணாடி அவசியம், கையுறை கூடாது, சுழலும் பிட் அதைச் சுருட்டிக்கொள்ளும்.

பூங்கா பெஞ்சின் கால் ஆடுகிறது, புதிது வாங்கலாம் என்கிறார்கள். மரம் நன்றாகவே இருக்கிறது, மூட்டுதான் தளர்ந்திருக்கிறது. ஞாயிறு காலை 10 மணிக்கு வாருங்கள், சேர்ந்து சரிசெய்வோம். மதியத் தூக்கத்தைக் கெடுக்க மாட்டோம்.