கண் மங்கிய பிறகும் படிக்கலாம்

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை இலக்கியம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக லெட்ஜரும் கவுண்டரும் பார்த்து ஓய்வு பெற்றவன். இலக்கியத்தில் பட்டம் ஏதும் கிடையாது. படிக்கிற பழக்கம் மட்டும் உண்டு. அதனால் ஒரே ஒரு எழுத்தாளரைப் பற்றிச் சொல்கிறேன். முடிவில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

அவர் பெயர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ். அர்ஜென்டினா நாட்டுக்காரர். 1899-ல் புவெனஸ் அய்ரெஸ் நகரில் பிறந்தார். பாட்டி இங்கிலாந்துக்காரர் என்பதால் வீட்டில் ஸ்பானிஷ், ஆங்கிலம் இரண்டும் புழங்கின. தன் வாழ்க்கையின் பெரிய நிகழ்ச்சி எது என்றால், அப்பாவின் நூலகத்தைத்தான் சொல்வேன் என்று பிற்காலத்தில் எழுதினார். கல்யாணத்தையோ விருதையோ சொல்லவில்லை, பாருங்கள்!

அந்த அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்துகொண்டே வந்தது. 1914-ல் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குக் கிளம்பியதே அவருடைய கண் சிகிச்சைக்காகத்தான். பரம்பரைக் கோளாறு. மகனையும் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. 1955-ல், 56 வயதில், போர்ஹெஸ் தேசிய நூலகத்தின் இயக்குநர் ஆனார். லட்சக்கணக்கான புத்தகங்களுக்கு அவர் பொறுப்பு. ஒன்றையும் படிக்க முடியவில்லை. இதில் இன்னொரு வேடிக்கை, அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே பார்வை போயிருந்தது.

நம்மில் பலர் இந்த இடத்தில் என்ன செய்வோம்? "இனிமே படிச்சு என்ன ஆகப்போகுது" என்று அலமாரியைப் பூட்டிவிடுவோம். போர்ஹெஸ் என்ன செய்தார் தெரியுமா? சில மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு பழைய ஆங்கிலத்தைப் படிக்க ஆரம்பித்தார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலம்! அவர்கள் வாசிப்பார்கள், இவர் காதால் கேட்டு மனதில் வாங்கிக்கொள்வார். கவிதைகளை மனதிலேயே கட்டினார். எதுகையும் சந்தமும் இருந்தால் ஞாபகத்தில் நிற்கும் என்பதால் மரபான வடிவங்களுக்குத் திரும்பினார். சொல்லச் சொல்ல அம்மா எழுதிக்கொள்வார். புத்தகங்களையும் பல வருஷம் அம்மாதான் வாசித்துக் காட்டினார். அந்த அம்மா 99 வயது வரை இருந்தார்.

அம்மாவுக்குத் தள்ளாமை வந்ததும் வேறு ஆள் தேவைப்பட்டது. 1964-ல் ஒரு புத்தகக் கடைக்குப் போனார். அங்கே 16 வயதுப் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் பகுதி நேரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தான். "சாயங்காலம் வந்து எனக்கு வாசித்துக் காட்ட முடியுமா?" என்று கேட்டார். பையன் ஒப்புக்கொண்டு 1968 வரை போய்வந்தான். கிப்ளிங், ஸ்டீவன்சன் கதைகளெல்லாம் வாசித்தான். போர்ஹெஸ் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். நடுவில் நிறுத்துவார், ஒரு வரியைப் பற்றிப் பேசுவார், சிரிப்பார், பிறகு மேலே போகச் சொல்வார்.

இது எனக்கு நன்றாகப் புரிகிறது. பென்ஷன் நாளில் கவுண்டருக்கு வரும் பெரியவர்கள் பாஸ்புக்கை நீட்டி, "தம்பி, என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு" என்பார்கள். வாசிப்பேன். "இரு, அந்த வரியை இன்னொரு தரம் சொல்லு" என்பார்கள். கண் என்னுடையது, கணக்கு அவர்களுடையது. அதுபோல, பையன் கொடுத்தது கண்ணும் குரலும். படித்தவர் போர்ஹெஸ்தான்.

"இப்பதான் செல்போனே வாசிச்சுக் காட்டுதே சார்" என்று நீங்கள் கேட்கலாம். காட்டுகிறது. நானும் கேட்கிறேன். ஆனால் "இந்த இடத்தில் அவள் ஏன் பதில் சொல்லவில்லை?" என்று போனிடம் கேட்டுவிட்டுச் சண்டை போட முடியவில்லை. போர்ஹெஸுக்கு அந்தப் பேச்சுத்தான் பாதிப் படிப்பு. 1984-ல், 84 வயதில், ஒஸ்வால்டோ ஃபெராரி என்ற இளம் கவிஞரோடு வானொலியில் இலக்கியம் பேச ஆரம்பித்தார். அந்த உரையாடல்கள் புத்தகங்களாகவும் வந்தன. கையில் குறிப்பு கிடையாது. அத்தனையும் தலைக்குள் இருந்தது. 1986-ல் ஜெனீவாவில் காலமானார்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. திருக்குறளில் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்த அதிகாரமே கேள்விதான். டீக்கடையில் ஒருவர் பேப்பர் வாசிக்க, நாலு பேர் கேட்டு விவாதித்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இனி என் விஷயம். எனக்கு இரண்டு கண்ணிலும் கிளாகோமா. வலது கண்ணில் ஓரப்பார்வை ஏற்கெனவே போய்விட்டது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டர். சொட்டு மருந்து தவறாமல் போட்டுக்கொள்கிறேன். இரக்கப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் நாலு பிளாக்கிலும் கண்ணால் படிக்க முடியாமல் பேப்பரை நிறுத்தியவர்கள், ராமாயணத்தை மூடி வைத்தவர்கள் இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது.

என் வேண்டுகோள் இதுதான். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், வாரம் ஒரு மணி நேரம் அனுப்பி வையுங்கள். ஞாயிறு மாலை ஐந்து மணி, கிளப் ஹவுஸ். எதை வாசிப்பது என்பதைக் கேட்பவர் சொல்லட்டும். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடிவிடலாம். போர்ஹெஸும் தன் மாணவர்களுக்கு அதைத்தான் சொன்னார். தமிழ் சரளமாக வராத பிள்ளைகளும் வரட்டும், தப்பைத் திருத்த நாங்கள் இருக்கிறோம்.

இதைச் சேவை என்று சொல்லிப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். அந்தப் புத்தகக் கடைப் பையனின் பெயர் அல்பெர்ட்டோ மாங்குவெல். வளர்ந்து, வாசிப்பின் வரலாற்றைப் பற்றி உலகம் அறிந்த புத்தகத்தை எழுதினார். 2016-ல் அதே தேசிய நூலகத்துக்கு இயக்குநராகவும் ஆனார். கேட்டவரைவிட வாசித்தவருக்குத்தான் லாபம் அதிகம். காமர்ஸ் படித்தவன் சொல்கிறேன், கணக்குச் சரியாக இருக்கும்.

வர விரும்புகிறவர்கள், வாசிக்கவோ கேட்கவோ, செக்யூரிட்டி மேஜையில் உள்ள நோட்டில் பிளாக், வீட்டு எண் எழுதி வையுங்கள். கேட்பவர்கள் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.