நாமே செய்த ஒலிபெருக்கி கடகடப்பது ஏன்?
(தோட்ட இளைஞர் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதத் திருவிழாவன்று இந்த மண்டபத்தில் நானும் இருந்தேன். நம் இளைஞர்கள் ஒட்டுப்பலகையை அறுத்துப் பசையிட்டுத் தம் கையாலேயே செய்த இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள் மேடையின் இருபுறமும் நின்றன. உறுமி மேளம் தொடங்கியதும் இடப்பக்கப் பெட்டி, தகர டின்னில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் கடகடத்தது. பின்னர் அன்னதான அறிவிப்பு வந்தபோது இரண்டு பெட்டிகளுமே கரகரத்தன. பின்வரிசையில் அமர்ந்திருந்த பாட்டிமார்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. "பிள்ளைகள் செய்தால் இப்படித்தான் இருக்கும், அடுத்த ஆண்டு வாடகைக்கு எடுத்துக்கொள்வோம்" என்று பெரியவர் ஒருவர் சொன்னார். பெட்டிகளைச் செய்த மூவரும் மறுமொழி கூறாமல் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு போயினர்.

அந்தப் பெட்டிகளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதைக் குழுவினர் இன்றிரவு முடிவு செய்யவிருக்கிறார்கள். முடிவு அவர்களுடையது. அதற்கு முன், இன்று பிற்பகல் அந்த மூவரும் நானும் சேர்ந்து கண்டவற்றை எடுத்துக்கூற அனுமதி வேண்டுகிறேன்.

ஒலிபெருக்கியின் அமைப்பு மிக எளியது. காந்தத்தின் நடுவே உள்ள குறுகிய வட்ட இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று தொங்குகிறது. அதில் மின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதனோடு ஒட்டப்பட்ட காகிதக் கூம்பும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. இந்த வகை ஒலிபெருக்கியை அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925-இல் செம்மையான வடிவில் வெளியிட்டனர். இன்றுவரை அடிப்படை மாறவில்லை. சுருளுக்கும் காந்தத்திற்கும் இடையே உள்ள வெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

கடகடப்பு வேறு, கரகரப்பு வேறு. இவ்விரண்டையும் ஒரே நோயாக எண்ணி, உடனே ஸ்பீக்கரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குவதே நம்மவர் வழக்கம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானே அப்படிச் செய்தவன். ஆசிரியர் பயிற்சி முடித்துப் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில், வகுப்பறைக்கென்று நான் செய்த பெட்டி ஒன்று தாழ்ந்த சுரம் வரும்போதெல்லாம் கிணுகிணுத்தது. என் சம்பளத்தில் 45 வெள்ளி கொடுத்துப் புது ஸ்பீக்கர் வாங்கிப் பொருத்தினேன். கிணுகிணுப்பு அப்படியே இருந்தது. ஒரு வாரம் கழித்து நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், சன்னல் அல்லவா சத்தம் போடுகிறது" என்றாள். அடுக்குக் கண்ணாடிச் சன்னலில் ஒரு கண்ணாடி தன் பிடியில் தளர்ந்திருந்தது! அன்று முதல் எந்தப் பெட்டியையும் திறக்குமுன், அதன் மேலும் அருகிலும் இருப்பவற்றை அகற்றிவிட்டே சோதிக்கிறேன்.

இன்று பிற்பகல் முதலில் கரகரப்பை எடுத்துக்கொண்டோம். இரண்டு பெட்டிகளிலும் ஒரே குறை தோன்றினால், குற்றம் பெரும்பாலும் பெட்டிகளில் இராது. இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் தேட வேண்டும். ஆம்பிளிபையரின் பின்புறத்தைப் பார்த்தோம். இரண்டு பெட்டிகளின் கம்பிகளும் ஒரே பக்கத்து முனைகளில் செருகப்பட்டிருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டு இணையாகப் பூட்டப்பட்டுள்ளன. ஆகவே பெட்டி ஒன்றுக்கு 4 ஓம். இரண்டு பெட்டிகளும் ஒரே முனையில் சேர்ந்தால் 2 ஓம் ஆகிவிடும். ஆம்பிளிபையரின் முதுகிலோ, 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறது. ஒருவர் சுமக்க வேண்டிய சுமையை இரண்டு மடங்காக ஏற்றிவிட்டு, குமிழையும் கடைசிவரை திருகிவிட்டோம். அந்நிலையில் ஆம்பிளிபையர் ஒலி அலையின் தலையை வெட்டிவிடுகிறது. அதுவே கரகரப்பாகக் கேட்கிறது. நீண்ட நேரம் இவ்வாறு ஓடினால் உச்ச ஒலிக்கான சிறிய ஸ்பீக்கர் எரிந்துபோகவும் கூடும். பெட்டிக்கு ஒரு பக்கமாகக் கம்பிகளைப் பிரித்துச் செருகினோம். குமிழைக் கொஞ்சம் தணித்தோம். பேச்சு தெளிந்தது. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

அடுத்தது கடகடப்பு. இடப்பக்கக் கம்பியையும் வலப்பக்கக் கம்பியையும் மாற்றிச் செருகிப் பார்த்தோம். கடகடப்பு அதே பெட்டியில் நின்றது. எனவே குறை பெட்டிக்குள் இருக்கிறது என்பது உறுதியாயிற்று. அது மறுபெட்டிக்குத் தாவியிருந்தால் ஆம்பிளிபையரையோ கம்பியையோ ஐயுற வேண்டும்.

இப்போது கைத்தொலைபேசியிலேயே ஒரே சீரான சுரத்தை எழுப்பும் செயலிகள் கிடைக்கின்றன. குறைந்த ஒலியளவில் 30 ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல மெல்ல உயர்த்தினோம். 70 ஹெர்ட்ஸை நெருங்கும்போது கடகடப்பு எழுந்தது. 90-ஐத் தாண்டியதும் அடங்கியது. உறுமியின் அடித்தொனி தாழ்ந்தது; ஆகையால்தான் திருவிழாவில் மேளம் முழங்கியபோது அது வெளிப்பட்டது. சுரத்தை 70-இல் நிறுத்திவிட்டு, ஒருவர் பெட்டியின் ஒவ்வொரு பக்கத்தையும் உள்ளங்கையால் அழுத்தி வந்தார். பின்பலகையை அழுத்தியதும் ஓசை பாதியாயிற்று. அதில் நான்கு திருகாணிகள் தளர்ந்திருந்தன. துளைகள் அகன்றுவிட்டமையால் சற்றுப் பருத்த திருகாணிகளை இட்டோம். மீதிப் பாதி உள்ளே இருந்தது: நீளமாக விடப்பட்ட கம்பி ஒன்று கூம்பின் ஒவ்வோர் அசைவுக்கும் பலகையில் அடித்துக்கொண்டிருந்தது. துணிப்பட்டையால் அதைச் சுற்றிப் பலகையோடு கட்டினோம். பல்லி முட்டையும் மரத்தூளும் கொஞ்சம் கிடந்தன, அவற்றையும் துடைத்தோம்.

கீழ் ஸ்பீக்கரில் மட்டும் சன்னமான உராய்வு ஒலி எஞ்சியது. குமிழை எவ்வளவு குறைத்தாலும் அது மறையவில்லை. ஆம்பிளிபையரின் கரகரப்பு ஒலியைக் குறைத்தால் நீங்கிவிடும், உராய்வு நீங்காது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரு கைவிரல்களாலும் கூம்பின் இருபுறமும் ஒரே அளவாக மெல்ல அழுத்திப் பாருங்கள். தடையின்றிச் சென்று திரும்பினால் நலம். சுரண்டும் உணர்வு தோன்றினால், சுருள் காந்தத்தில் உரசுகிறது என்று பொருள். மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி என்று முன்பு சொன்னேன் அல்லவா? முன்பலகை சமமாக இல்லாதபோது ஒரு பக்கத் திருகாணியை மட்டும் இறுக்கினால், ஸ்பீக்கரின் உலோகச் சட்டம் சற்றே முறுக்கிக்கொள்ளும், சுருளும் சாயும். எல்லாத் திருகாணிகளையும் தளர்த்தி, ஸ்பீக்கரைத் தலைகீழாகத் திருப்பிவைத்து, காரின் சக்கரத்திற்கு இறுக்குவதுபோல் எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினோம். உரசல் நின்றது. சுருள் வெந்து உருக்குலைந்திருந்தால் இவ்வழி பயன்படாது. அப்போது மாற்றத்தான் வேண்டும்.

கூம்பில் சிறு கிழிசல் இருந்தால் மெல்லிய காகிதமும் வெள்ளைப் பசையும் போதும். கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு நுரைப்பொருளால் ஆனதாயின், நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பொடிந்துவிடும். ரப்பர் விளிம்பு நெடுநாள் உழைக்கும். பால்வெட்டுக்குப் போய் வந்த உங்களுக்கு ரப்பரின் உழைப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இளைஞர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. பெட்டியைத் திறக்கலாம், ஆம்பிளிபையரைத் திறக்காதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்சாரம் தேங்கியிருக்கும். அதை அறிந்தவரிடமே ஒப்படையுங்கள்.

பிற்பகல் வேலைக்கான செலவு ஐந்து வெள்ளியை எட்டவில்லை. நான் இப்போது பேசுவதும் அந்தப் பெட்டிகளின் வழியாகத்தான். பின்வரிசையில் இருக்கும் பாட்டிமார்களுக்கு விளங்குகிறதா என்பதை அவர்களே குழுவினரிடம் சொல்லட்டும்.

வேலை முழுவதும் முடிந்துவிடவில்லை. வலப்பக்கப் பெட்டியில் தாழ்ந்த சுரம் வரும்போது 'உஸ்' என்று காற்று கசியும் ஓசை கேட்கிறது. எங்கோ ஒரு மூட்டில் பசை விட்டிருக்கிறது. எந்த மூட்டு என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. எரியும் ஊதுபத்தியை மூட்டுகளின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனால், கசிவுள்ள இடத்தில் புகை துடிக்கும். ஐயர் ஒரு கட்டு ஊதுபத்தி கொடுத்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் சோதிக்கப் போகிறார்கள். விருப்பமுள்ளவர்கள் இருந்து பார்க்கலாம்.