மிச்ச ஆயிலைக் கலக்கலாமா?

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பம்புசெட் கொட்டகையில் அரை லிட்டர், கால் லிட்டர் என்று மிச்சம் விழுந்த ஆயில் டப்பாக்கள் உங்களிடம் நான்கைந்தாவது இருக்கும். டிராக்டருக்கு வாங்கியது ஒன்று, மோட்டார் சைக்கிளுக்கு ஒன்று, காருக்கோ ஜீப்புக்கோ ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்து வண்டிக்கு ஊற்றலாமா என்று பலர் கேட்கிறீர்கள். நான் உழவியல் படித்தவன், மெக்கானிக் அல்ல. ஆனால் பண்ணைச் செலவைக் குறைக்கும் கேள்வி எதுவும் உழவியலுக்குப் புறம்பானதல்ல.

புதிய எஞ்சின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவையே. கம்பெனி வேறானாலும், ஒன்று மினரல், மற்றொன்று சிந்தடிக் ஆனாலும் பால் போலத் திரிந்துவிடாது. ஆனால் கலவையின் தரத்தை இரண்டில் தாழ்ந்ததன் தரமாகவே கொள்ள வேண்டும். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 ஆகியவற்றில் முன் எண் குளிர்ந்த நிலையையும், பின் எண் சூடேறிய நிலையையும் குறிக்கும். இவ்விரண்டையும் கலந்தால் சூட்டில் 40 ஆகவே நிற்கும். நம் சமவெளி வெயிலில் முன் எண்ணைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம்.

எழுத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஏ.பி.ஐ. என்பதன் கீழ் 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு, 'சி' என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கு. டீசல் கரியைத் தாங்கும் மருந்து போதிய அளவில் இருப்பது 'சி' ஆயிலில்தான். ஆடுதுறை 36-ம் நெல், சி.ஆர். 1009-ம் நெல்; அதற்காக இரண்டையும் ஒரே நாற்றங்காலில் விடுவீர்களா?

பெரும்பாலோர் ஏமாறுவது கியர் ஆயிலில். '90 என்றால் 40-ஐவிட இரு மடங்கு கெட்டி, தேய்ந்த எஞ்சினுக்கு நல்லது' என்று நினைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 100 டிகிரி சூட்டில் இரண்டின் கெட்டித்தன்மையும் ஏறக்குறைய ஒன்றே. கியர் பற்களுக்காகச் சேர்த்த கந்தக மருந்து எஞ்சின் சூட்டில் செம்பு கலந்த புஷ்களை அரிக்கும். அரை லிட்டரை மிச்சம் பிடித்து எஞ்சினைப் பிரிக்கும் செலவை இழுத்துக்கொள்ளாதீர்கள். டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் வேண்டாம். அது பெட்ரோலோடு எரிவதற்கே செய்யப்பட்டது.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பாரத் ஸ்டேஜ் 6 டீசல் கார்களில் கரிப்புகையைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. சாம்பல் அதிகமுள்ள ஆயில் அதை அடைத்துவிடும். அவற்றில் கையேடு சொல்லும் ஆயிலைத் தவிர வேறெதுவும் ஊற்றலாகாது.

வண்டியிலிருந்து இறக்கிய ஆயிலைத் துணியில் வடிகட்டிச் சேர்ப்பவர்களும் உண்டு. பார்வைக்குச் சற்றுத் தெளியும். கரைந்திருக்கும் டீசலும் அமிலமும் துணியில் நிற்குமா? அதை வாய்க்காலிலும் ஊற்றாமல், பழைய ஆயில் வாங்குவோரிடம் கொடுத்துவிடுங்கள்.

திறந்து நாளான டப்பாவில் ஈரம் இறங்கியிருக்கலாம். நன்கு சூடேறிய இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. (வீட்டுத் தோசைக்கல்லில் செய்து பார்த்து வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்!) தேறிய ஒத்த வகை ஆயிலைப் பழைய பம்புசெட் எஞ்சினில் அளவு குறையும்போது மேலாக ஊற்றலாம். முழு மாற்றத்திற்குப் புது ஆயிலே வேண்டும்.

மிஞ்சிய புதுக் கியர் ஆயிலும் வீணில்லை. உழவு முடிந்து கொழுவைக் கழுவி உலர்த்தியபின் துணியால் தொட்டுப் பூசிவைத்தால் அடுத்த பருவம்வரை துரு ஏறாது.