பங்காளி என்னும் பட்டம்

(நிவித்திகலவில் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



இரத்தினபுரி என்ற பெயரை உலகம் அறியும். 2021ஆம் ஆண்டில் இரத்தினபுரியில் மாணிக்க வியாபாரி ஒருவரின் வீட்டிலே கிணறு தோண்டிய தொழிலாளர், 510 கிலோ எடையுள்ள நீலக்கற் பாறையைக் கண்டெடுத்ததாகச் செய்தி வந்தது. பத்துக் கோடி டாலர் வரை பெறும் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. கல்லின் எடையைக் கேட்டார்கள், நிறத்தைக் கேட்டார்கள், விலையைக் கேட்டார்கள். தோண்டியவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டவர் எத்தனை பேர்? அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் எழுப்ப வந்திருக்கிறேன்.

மாணிக்கக் குழியின் வேலை எத்தகையது என்பதை நீங்கள் அறிவீர்கள். வெளியூர் அன்பர்கள் அறியார். 20 அடிக் குழியும் உண்டு. 100 அடிக்கு மேற்பட்டதும் உண்டு. இரவெல்லாம் ஊறிய நீரை இறைத்த பின்னரே காலையில் வேலை தொடங்கும். மண் சரியாதிருக்க நாற்புறமும் மரம் முட்டுக்கொடுத்து, இடுக்குகளிற் காட்டுத் தழையைத் திணிப்பார்கள். அடியிலே குனிந்து, தவழ்ந்து, பக்கச் சுரங்கம் வெட்ட வேண்டும். அங்கே காற்றும் குறைவு, ஒளியும் குறைவு. மழை பெருத்தால் வெள்ளம். முட்டு நழுவினால் மண்சரிவு. சேற்று நீரில் நின்றால் எலிக்காய்ச்சல்.

அவ்வளவும் எதற்காக? மாணிக்கம் புதைந்திருக்கும் சரளைக்காக. அதற்கு இவ்வூரார் வழங்கும் பெயர் 'இல்லம்'. தமிழில் இல்லம் என்றால் வீடு. அந்த இல்லத்தை வெட்டியெடுக்கும் நம்மவனோ, தனக்கென ஓர் இல்லம் இல்லாமல் லயத்து அறையில் வாழ்கிறான்!

இத்தொழிலில் ஊதியம் பெரும்பாலும் பங்கு முறையிலே நடக்கிறது. கல் விற்றதும் நிலக்காரருக்கு ஒரு பங்கு, அனுமதிப்பத்திரக்காரருக்கு ஒரு பங்கு, நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு ஒரு பங்கு. எஞ்சியதிலே முதல் போட்டவர் ஒரு பாதியை எடுத்துக்கொள்ள, மறுபாதியைக் குழியில் இறங்கிய அத்தனை பேரும் பகிர்ந்துகொள்வர். அளவு இடத்துக்கிடம் மாறும்; வரிசை மாறுவதில்லை. கல் அகப்படாத மாதங்களில் சாப்பாடும் சிறு கைச்செலவுமே மிச்சம்.

தோழர்களே! இதற்குப் 'பங்காளி' என்று அழகான பட்டம் சூட்டியிருக்கிறார்கள். பங்காளி என்றால் கணக்கைப் பார்க்க வேண்டாமா? விலை பேசும்போது உடனிருக்க வேண்டாமா? நட்டம் வந்தால் பங்காளி. இலாபம் வந்தால் கூலிக்காரன். இது எந்த ஊர் நியாயம்?

சட்டம் பயின்றவன் என்ற முறையில் ஒன்று கூறுகிறேன். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது; 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் இருக்கிறது. இவை தரும் பாதுகாப்பு, வேலை கொடுப்போன், வேலை செய்வோன் என்ற உறவின் மீது நிற்பது. குழியிலே ஒருவன் மாண்டால், "அவன் என் வேலையாள் அல்லன், பங்காளி" என்று முதலாளி ஒரு சொல்லில் கையைக் கழுவப் பார்க்கிறார். அவன் தொழிலாளியே என்று நிரூபிக்கும் பாரம் விதவையின் தலையில் விழுகிறது. எழுத்தும் இல்லை, கையொப்பமும் இல்லை. அவள் எதைக்கொண்டு நிரூபிப்பாள்?

கோலார் தங்கவயலை எண்ணிப் பாருங்கள். 1880ஆம் ஆண்டு தொடங்கி 2001ஆம் ஆண்டில் மூடப்படும் வரை, அங்கே பாறை வெடித்தும் கல்தூசி நுரையீரலை அரித்தும் மாண்ட தமிழர் பலர். அது சொர்க்கமன்று. ஆயினும் எதிரே ஒரு கம்பெனி கண்ணுக்குத் தெரிந்தது. அதனை எதிர்த்துச் சங்கம் அமைக்க முடிந்தது. இங்கேயோ முதலாளி 'பங்கு' என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறார்.

மலையகத் தமிழனுக்கு இத்துன்பம் இரட்டிப்பு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. அந்தக் கறையைத் துடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். குடியுரிமை வந்தது, நிலம் வரவில்லை. 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் அவற்றின் நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் கொடுத்தது. உழைத்தவன் கைக்கு ஒரு துண்டு நிலமும் தானாக வந்து சேரவில்லை. ஆகவே நிலக்காரரின் பங்கு நமக்கு எட்டாக்கனி. தோட்டச் சம்பளம் போதாதவன் இரவிலே அனுமதியற்ற குழியில் இறங்குகிறான். பிடிபட்டால் கூண்டில் ஏறுபவன் பெரும்பாலும் மண்வெட்டி பிடித்தவன். பணம் போட்டவன் அல்லன்.

வழியில்லையா? உண்டு. வயற்காரர்களுக்கு அது தெரியும். வாரத்துக்குப் பயிரிட்டவனும் ஒரு காலத்தில் வாய்ச்சொல்லை நம்பியே வாழ்ந்தான். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அவன் உரிமையை ஏட்டில் ஏற்றியது. அதிற் குறைகள் இருந்தன. சட்டம் வந்த பின்னும் வெளியேற்றப்பட்டவர் உண்டு. ஆனால் 'பங்குக்கு உழைப்பவனுக்கும் சட்டத்தின் காவல் உண்டு' என்ற கொள்கை நிலைத்தது. நிலத்தின் மேல் உழைத்தவனுக்குக் கொடுத்ததை, நிலத்தின் கீழ் உழைப்பவனுக்கு ஏன் கொடுக்கலாகாது?

அனுமதிப்பத்திரம் வழங்கும்போது, குழியைத் திரும்ப மூடுவதற்கென்று தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை பிணைப்பணம் பெறுகிறது. நல்லது. மண்ணுக்குப் பிணை கேட்கும் அரசு, மனிதனுக்கும் பிணை கேட்கட்டும்!

நமது கோரிக்கைகள் மூன்று. அனுமதிப்பத்திரத்தோடு, குழியில் இறங்கும் ஒவ்வொருவரின் பெயரும் பதியப்பட வேண்டும். பங்கு எவ்வளவு என்பது சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்பட்டு, கல் விற்கும்போது தொழிலாளரின் பிரதிநிதி உடனிருக்க வேண்டும். பங்காளியாயினும் கூலியாளாயினும் விபத்துக்கு நட்டஈடு கட்டாயமாக வேண்டும்.

இது தமிழரின் கோரிக்கை மட்டுமன்று. அதே குழியில் சிங்களத் தோழனும் நிற்கிறான். சரியும் மண் மொழி கேட்டுச் சரிவதில்லை. அவனையும் அழைத்துக்கொண்டே நாம் போக வேண்டும்.

இளைஞர்களே, எழுத்தில்லாத குழியில் இறங்காதீர்கள். தனியாகக் கேட்டால் வேலை போகும். எல்லோரும் சேர்ந்து கேட்டால் வழக்கம் மாறும். படித்த அன்பர்களே, அந்த எழுத்தை எழுதிக்கொடுக்க உங்கள் பேனாவைத் தாருங்கள். பட்டம் வேண்டாம், பங்காளியின் உரிமையைக் கொடு, இல்லையேல் தொழிலாளியின் உரிமையைக் கொடு என்று கேட்போம். இரண்டுமில்லாத வாழ்வுக்கு இனி நாம் இணங்கோம்!