டாக்டருக்குத் துணை நிற்கும் படிப்பு

(குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஊருக்குள் ஒரு ஆள் வருவார். கையில் பளபளப்பான நோட்டீஸ் இருக்கும். "உங்க பொண்ணுக்கு டாக்டர் சீட் கிடைக்கலியா? கவலைய விடுங்க. டாக்டர் மாதிரியே ஒரு படிப்பு இருக்கு. நாலே வருஷம், அப்புறம் அமெரிக்காதான்" என்பார். பிசிஷியன் அசிஸ்டென்ட் என்று பெயர் சொல்வார். உடனே அட்வான்ஸ் கட்டச் சொல்வார். படிப்பு நல்ல படிப்புதான். ஆனால் அவர் சொல்கிற கணக்கு வேறு, உண்மைக் கணக்கு வேறு. நிலத்தை அடகு வைப்பதற்கு முன்னால் புருஷனும் பெண்சாதியுமாகச் சேர்ந்து இதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

இந்த வேலை பிறந்தது அமெரிக்காவில்தான். அங்கே டாக்டர்கள் போதாமல் இருந்த காலத்தில், 1965ஆம் ஆண்டு, டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜீன் ஸ்டெட் என்பவர் இதை ஆரம்பித்தார். கடற்படையில் மருத்துவ உதவி செய்து பழகிய நாலு பேர்தான் முதல் வகுப்பு. நம் நாட்டுக்கு 1992இல் வந்தது. சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் ஆஸ்பத்திரியில், இருதய ஆபரேஷன் நிபுணர் டாக்டர் கே. எம். செரியன் தொடங்கி வைத்தார். இன்றைக்கும் இருதயப் பிரிவில்தான் இவர்களை அதிகம் பார்க்கலாம்.

சரி, என்ன வேலை? ஒரு கூட்டத்தில் ஒரு பெரியவர் "கம்பவுண்டர் வேலையா?" என்று கேட்டார். இல்லை. நோயாளி வந்ததும் என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, சர்க்கரை உண்டா, முன்னே ஆபரேஷன் நடந்ததா என்று விசாரித்து எழுதுகிறவர் இவர். முதல் பரிசோதனை செய்வார். ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைத் திரட்டி டாக்டரிடம் விவரம் சொல்வார். காலையிலும் மாலையிலும் டாக்டரோடு வார்டு சுற்றுவார். ஆபரேஷன் தியேட்டரில் கை கொடுப்பார். வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவார். பெரிய டாக்டர் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போனதை, நோயாளியின் சம்சாரத்துக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து புரியவைக்கிறவரும் பெரும்பாலும் இவர்தான். என்னைக் கேட்டால் அதுதான் இந்த வேலையிலேயே பெரிய வேலை. கிராமத்திலிருந்து போன பிள்ளைக்கு அது நன்றாகவே வரும்.

ஆனால் இவர் டாக்டர் அல்ல. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட முடியாது. தனியாகக் கிளினிக் வைத்து மருந்து எழுதிக் கொடுக்கவும் முடியாது. எப்போதும் ஒரு டாக்டரின் பொறுப்பின் கீழ்தான் வேலை. "டாக்டர் மாதிரியே" என்று யாராவது சொன்னால், அந்த 'மாதிரி'யில்தான் மோசம் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்கா கதையும் அப்படித்தான். அங்கே இந்த வேலை பார்க்க, அந்த நாட்டு அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்து, அவர்கள் வைக்கும் தேசியத் தேர்வும் எழுதித் தேற வேண்டும். நம் ஊர்ப் பட்டத்தைக் காட்டி நேராக வேலையில் சேர முடியாது. அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

படிப்பு பி.எஸ்சி. பட்டம். மூன்று வருஷம் வகுப்பு, ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு விண்ணப்பம் வாங்கி, மதிப்பெண் வரிசைப்படி கவுன்சிலிங் நடத்துகிறது. டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், இருதயப் பரிசோதனை போன்ற மற்றப் படிப்புகளுக்கும் அதே கவுன்சிலிங்தான். ஆகவே ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று உண்டு. புரோக்கர் எதற்கு?

வேலை வாய்ப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில்தான் வேலை. சென்னை, கோயம்புத்தூர், மதுரை, வேலூர் என்று பட்டணங்களுக்குத்தான் போக வேண்டும். அரசு உத்தியோகம் என்று எண்ணிப் படிக்க வைக்காதீர்கள். அரசு வேலைதான் வேண்டுமென்றால் நர்ஸ், லேப் டெக்னீஷியன் படிப்புகளுக்கு வழி கூடுதல். ஆரம்பச் சம்பளம் பெரிசாக இருக்காது. இரண்டு மூன்று வருஷம் ஒரே பிரிவில் கை பழகினவருக்குத்தான் மதிப்பு ஏறும். அப்புறம் சீனியர் ஆகலாம், கல்லூரியில் சொல்லிக்கொடுக்கப் போகலாம், ஆஸ்பத்திரி நிர்வாகம் மேலே படிக்கலாம். 2021இல் மத்திய அரசு போட்ட துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்தில் இந்தத் தொழிலும் சேர்ந்திருக்கிறது. கேட்க நாதியில்லாத தொழில் என்ற நிலை அதனால் மாறிவருகிறது.

இனி வீட்டு விஷயம். பதினேழு, பதினெட்டில் சேர்ந்த பெண் முடிக்கும்போது இருபத்தொன்று, இருபத்திரண்டு ஆகிவிடும். மூன்று வருஷம் பல்லைக் கடித்துப் படிக்க வைத்துவிட்டு, "நல்ல இடம் வந்திருக்கு" என்று கடைசி வருஷத்தில் கல்யாணம் செய்து நிறுத்திவிடுகிற வீடுகள் உண்டு. அந்த ஒரு வருஷப் பயிற்சி முடியாமல் பட்டம் முழுமையாகாது. கட்டின பணம் அத்தனையும் போச்சு. நிச்சயம் பேசும்போதே மாப்பிள்ளை வீட்டாரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: பயிற்சி முடிந்துதான் கல்யாணம், வேலையில் நைட் டியூட்டி உண்டு. மூஞ்சியைச் சுளிக்கிறார்கள் என்றால் அப்போதே தெரிந்துகொள்வது நல்லதுதானே? கல்யாணமாகிப் படிக்கிற பெண்ணாக இருந்தால், குழந்தையை எப்போது பெற்றுக்கொள்வது என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள். தள்ளிப்போடும் வழிகளை நம் துணை சுகாதார நிலைய நர்ஸம்மா சொல்வார். கணவரும் கூட வரட்டும்.

தனியார் கல்லூரி என்றால் பணம் கட்டுமுன் நேரில் போய்ப் பாருங்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் அந்தக் கல்லூரியும் இந்தப் படிப்பும் இருக்கிறதா? வேறு பல்கலைக்கழகம் என்றால் அதற்கு என்ன அங்கீகாரம்? நோயாளிகள் நிறைய வந்துபோகிற சொந்த ஆஸ்பத்திரி உண்டா? போன வருஷம் முடித்த பிள்ளைகள் எங்கே வேலை பார்க்கிறார்கள்? அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேரிடம் போனிலாவது பேசுங்கள். சம்பளம் எவ்வளவு என்று அவர்களையே கேளுங்கள். தபால் வழியில் படிக்கலாம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். நோயாளியைத் தொடாமல் கற்கிற படிப்பு அல்ல இது.

பணத்துக்குக் கந்து வட்டிக்காரரிடம் போகுமுன் பாங்குக்குப் போங்கள். கல்விக் கடன் நாலு லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு தேவையில்லை. பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் உதவித்தொகை பற்றித் தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ், எல்லாவற்றையும் பரீட்சை முடிந்த கையோடு இ-சேவை மையத்தில் எழுதிப் போட்டுவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு போனால் அங்கே நிற்க இடம் இருக்காது.