கப்பலில் வந்த காயங்கள்

2009 பெப்ரவரி 10. போர் நடந்துகொண்டிருந்த புதுமாத்தளன் கரையிலிருந்து 240க்கும் மேற்பட்ட காயக்காரரும் நோயாளரும் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு ஏற்பாடு செய்த கப்பலில் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தார்கள். அதோடு முடியவில்லை. பின்னும் கப்பல்கள் வந்தன. மார்ச்சில் புல்மோட்டையில் இந்திய வைத்தியர் குழு கள வைத்தியசாலை திறந்தது.

இப்படி வந்தவர்களை வைத்தியர் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். சேலைன் மாற்றி, கட்டவிழ்த்துப் புண் கழுவி, விடியும்வரை நிற்பவர் தாதி. கூட வராத பிள்ளை எங்கே என்று தாய் கேட்பதும் அவரிடம்தான். அந்தக் கேள்வி கடமை முடிந்தும் வீடுவரை கூடவே வரும்.

செய்ய வேண்டியது தெரிந்தும் செய்ய வழியில்லாத தாதியரின் வேதனையை 1984இல் அமெரிக்க மெய்யியலாளர் அன்ட்ரூ ஜேம்டன் எழுதினார். 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கை வைத்தியசாலைகளில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோதும் அதே வேதனைதான். "வெளியில வாங்கி வாங்கோ" என்று கையில் காசில்லாதவரிடம் சொல்வது எவ்வளவு கொடுமை!

இதையெல்லாம் சுமக்கும் தாதிக்குத் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், வேலையே வெறுத்துப்போகும். தீராத வேலை அழுத்தத்தால் வரும் இந்தச் சோர்வை, வேலைத்தலத்தோடு சேர்ந்த நிலை என்றே 2019இல் உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியது. ஆகவே போதிய ஆளணியும் ஓய்வும்தான் முதலில் வேண்டும். மனம்விட்டுப் பேச, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் 24 மணிநேரமும் இருக்கிறது.