திடல் வேண்டுமென்றால் திட்டக் கணக்கில் இடம் வேண்டும்

(ரிங்லெட் வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



உங்கள் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்? லயத்து வாசலில், லாரி போகும் பாதையில், கோயில் முன்னால் உள்ள துண்டு நிலத்தில். பந்து சரிவில் உருண்டு தேயிலைக்குள் போய்விட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து இந்தச் சரிவுகளில் நம் மக்களின் உழைப்பு இருக்கிறது. அந்தப் பச்சையைப் பார்க்கத்தான் சுற்றுப்பயணிகள் வருகிறார்கள். அவர்கள் நடக்க, தானா ராத்தாவையும் பிரிஞ்சாங்கையும் சுற்றி எண் போட்ட காட்டுப் பாதைகள் உண்டு. தோட்டத்துப் பிள்ளை ஓடி விளையாடச் சமமான ஒரு திடல் கேட்டால் மட்டும், "தோட்டம் தனியார் நிலமாயிற்றே" என்று பதில் வருகிறது.

இந்தப் பதிலோடு நாம் திரும்பி வந்துவிடுகிறோம். அங்கேதான் தவறு.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு பொது இடங்களின் பராமரிப்பை மன்றத்திடம் ஒப்படைக்கிறது. 64-ஆவது பிரிவு புதிய பொது இடங்களை உருவாக்க அதிகாரம் தருகிறது. ஆகவே திடல் அமைப்பது யாருடைய கருணையும் அல்ல, மன்றத்தின் வேலை. தோட்டத்துக்கு உள்ளே என்றால், 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் முதலாளியின் பொறுப்புகளில் வீட்டோடு சமூக வசதிகளையும் சேர்த்திருக்கிறது. ஒருவர் மற்றவரைக் கைகாட்டினால், இருவரிடமும் எழுத்தில் கேளுங்கள்.

தோட்டத்தை விட்டு ரிங்லெட்டில் வீடு வாங்கியவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை மதிப்பீட்டு வரி கட்டுகிறீர்கள். அந்தப் பணம் எதற்குச் செலவாகிறது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

"யாரிடம் கேட்பது? நாம் ஓட்டுப் போட்டா அவர்கள் வந்தார்கள்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று 1968-இல் பரிந்துரைத்தது. ஒரு தமிழர் தலைமை தாங்கிய அந்த அறிக்கை ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையையே நிலைநிறுத்தியது. ஆனாலும் அதே சட்டத்தின் 10-ஆவது பிரிவு, தங்கள் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கக் கூடியவர்களையும் உறுப்பினராக நியமிக்க இடம் தருகிறது. 23-ஆவது பிரிவு, மன்றத்தின் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்கிறது. நம்மில் எத்தனை பேர் போய் உட்கார்ந்திருக்கிறோம்?

வேறு ஊர்களில் ஓரடி முன்னே போயிருக்கிறார்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் மக்களே கூடி, நகரச் செலவின் ஒரு பகுதியை எதற்கு ஒதுக்குவது என்று முடிவு செய்தார்கள். நம் நாட்டில் பினாங்கின் இரண்டு ஊராட்சி மன்றங்களும் 2012-இல், பெண்களையும் சேர்த்துக் கேட்கும் பங்கேற்பு வரவு செலவு முறையைத் தொடங்கின. பினாங்கில் முடிந்தது பகாங்கில் ஏன் முடியாது?

இனி நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, நிலம். கேட்கும் இடம் யாருடையது என்று நில அலுவலகத்தில் விசாரியுங்கள். அரசு நிலமானால், தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின் கீழ் பொதுத் தேவைக்கு ஒதுக்கி அரசிதழில் வெளியிடச் சொல்லுங்கள். அந்த ஒதுக்கீடு இல்லாத திடல் நாளை கட்டடமாகிவிடலாம்.

இரண்டாவது, காலம். அடுத்த ஆண்டின் வரவு செலவு இந்த ஆண்டிலேயே தயாராகி, மாநில அரசின் ஒப்புதலுக்குப் போய்விடும். ஜனவரியில் மனு கொடுத்தால், "ஒதுக்கீடு இல்லை" என்றுதான் சொல்வார்கள். ஆண்டின் நடுவிலேயே மனு போய்ச் சேரட்டும்.

மூன்றாவது, பராமரிப்பு. இது மழை கொட்டும் மலை. தடுப்புச் சுவரும் வடிகாலும் இல்லாத திடல் சேறாகிவிடும். கட்டும் செலவோடு, ஆண்டுதோறும் புல் வெட்டவும் விளக்கு எரியவும் தனித் தொகை கேளுங்கள்.

நான்காவது, எல்லாரையும் சேர்த்துக் கேளுங்கள். பூர்வகுடிப் பிள்ளைகளும் மலாய், சீனப் பிள்ளைகளும் அதே திடலில்தான் ஓடப் போகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து கொழுந்து எடுக்கும் தொழிலாளிக்கும் மாலையில் காற்பந்து ஆட இடம் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு லயத்திலும் பிள்ளைகளின் எண்ணிக்கையை எடுங்கள். மனுவின் முதல் வரி அந்த எண்ணாக இருக்கட்டும்.